சோனி ஏ6000, 16 மி.மீ. டியூப்: சிலந்தியில் ஃபோகஸ் விழாதது பற்றி

வணக்கம். ஏ6000 கேமராவின் 16-50 மி.மீ. லென்ஸுடன் 16 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூபை (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி, மிக நெருக்கமாகப் படமெடுக்க உதவும் வெற்றுக் குழாய்) பொருத்திய பிறகு, குதிக்கும் சிலந்தியை லென்ஸ் முட்டும் அளவுக்கு நெருங்கியும் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்றும், கிடைத்த ஓரிரு படங்களும் கலங்கலாக இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். லென்ஸில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; அகலக் கோணத்திலேயே வைத்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 16 மி.மீ. குவியத்தூரத்தில் இந்த டியூபைப் போட்டால், ஃபோகஸ் விழும் இடம் முன்கண்ணாடியை ஒட்டியோ அதற்கு உள்ளேயோ வந்துவிடும். 50 மி.மீ. வரை ஜூம் செய்யுங்கள். சிலந்தி சென்சாரில் தன் உண்மை அளவில் ஏறத்தாழ பாதியாகப் பதியும், உங்களுக்கும் அதற்கும் இடையே சற்று இடைவெளியும் கிடைக்கும்.

அந்த உருப்பெருக்கத்தில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் தெளிவின் ஆழம் (கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன்) இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். எனவே ஆட்டோஃபோகஸை விட்டுவிட்டு, மேனுவலில் பீக்கிங் வசதியை (கூர்மையாக விழும் விளிம்புகளைத் திரையில் வண்ணத்தில் காட்டுவது) இயக்கி, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உங்கள் உடலை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, முன்னிரு பெரிய கண்களின் விளிம்பில் வண்ணக்கோடு தோன்றும் கணத்தில் எடுங்கள். எஃப்/22 வரை போக வேண்டாம். ஆழம் கூடினாலும், விளிம்பு விளைவால் (சிறிய துளை வழியே வரும் ஒளி விரிந்து பரவுவதால்) படம் முழுவதுமே கூர்மை இழக்கும்.

வெளிச்சக் குறைவுக்கு, கேமராவிலேயே எழும்பும் ஃபிளாஷ் போதும். அதன் முன்னால் வெள்ளைத் தாளை லென்ஸின் முனை வரை நீளுமாறு வளைத்து ஒட்டி, 1/160 நொடியில், ஐஎஸ்ஓ 200 அல்லது 400 வைத்துப் பாருங்கள்.