பெட்ரோலும் மண்வாசமும் சொந்தமா?

கேள்வி: அண்ணாச்சி, பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஆங்கில அகராதியில் பி, இ, டி, ஆர் என்று தொடங்கும் சொற்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறாள். பெட்ரிகோர், பெட்ரிஃபை, பெட்ரோகிளிஃப், பெட்ரி டிஷ்... காலையில் படித்தது சாயங்காலம் மறந்துவிடுகிறது. இதெல்லாம் பெட்ரோலுக்குச் சொந்தமா? (ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

பதில்: சொந்தம்தான் தாயி. எல்லாவற்றுக்கும் வேர் 'பெட்ரா' என்ற கிரேக்கச் சொல், பாறை என்று அர்த்தம். இதை மட்டும் பிள்ளை மனசில் பதித்துக்கொண்டால் போதும், மனப்பாடமே வேண்டாம்.

பெட்ரோலியம் என்றால் பாறை எண்ணெய். நாம் மண்ணெண்ணெய் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை. பெட்ரிஃபை என்றால் கல்லாக்குவது, பயத்தில் உறையவைப்பதற்கும் அதுதான். 'பாம்பைப் பார்த்ததும் கல்லாய்ச் சமைஞ்சு நின்னுட்டான்' என்று ஆச்சிமார் சொல்வதில் அப்படியே இருக்கிறது. திருவக்கரையில் கிடக்கிற கல்மரங்களுக்கும் இதே சொல்தான். பெட்ரோகிளிஃப் என்பது ஆதிமனிதன் பாறையில் கொத்திய உருவம். கழுகுமலைச் சமணச் சிற்பங்களை அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது, அவை புடைப்புச் சிற்பங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்ரிகோர். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் சித்திரை வெயில் காய்ந்து கிடக்கும்போது நாலு தூறல் விழுந்தாலே செம்மண்ணிலிருந்து குப்பென்று ஒரு வாசம் கிளம்பும், முற்றத்தில் காயப்போட்ட வத்தலை அள்ள ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுப்பார்கள், அந்த வாசத்துக்குப் பெயர்தான் அது. 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் வைத்த பெயர். 'பெட்ரா'வோடு 'ஐகோர்' சேர்ந்தது. கிரேக்கக் கதைகளில் தேவர்களின் நாளங்களில் ஓடுவது ஐகோர். வறண்ட காலத்தில் செடிகள் விடுகிற எண்ணெய் மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடந்து, மழை பட்டதும் காற்றில் எழும்புகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் கூடச் சேரும். மண் காய்ந்து கிடந்தால்தான் வாசம். அதனால்தான் சாரல் பிடித்து நாள்கணக்கில் நனைந்தே கிடக்கிற குற்றாலத்தில் அது அவ்வளவாக வருவதில்லை.

அப்புறம் பெட்ரி டிஷ். பள்ளிக்கூட லேபில் கிருமி வளர்க்கிற, மூடி போட்ட வட்டக் கண்ணாடித் தட்டு. இதில் பாறை எதுவும் இல்லை, 1887-இல் அதைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரியின் பெயர். ஆனால் அந்தக் குடும்பப் பெயரும் பேதுருவிலிருந்து வந்ததுதான், நம் பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு வைக்கிற அதே பேதுரு. பேதுரு என்றாலும் கல்தான்.