லக்ராஸ் ரேங்கை நம்பித் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகன் அமெரிக்காவில் மேரிலாந்தின் ஹோவர்ட் கவுண்டியில் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) நன்றாக ஆடுகிறான். ஆனால் அவன் பள்ளி தேசிய ரேங்க் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் பால்டிமோர் தனியார் பள்ளி ஒன்றுக்கு இந்த வருடமே மாற்றாவிட்டால் கல்லூரி வாய்ப்பு போய்விடும் என்று தெரிந்தவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் போய்விடாது. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். மேரிலாந்தில் அரசுப் பள்ளிகளுக்கு எம்பிஎஸ்எஸ்ஏஏ என்ற சங்கம் மாநிலப் போட்டி நடத்துகிறது. பால்டிமோர் வட்டாரத் தனியார் பள்ளிகளின் ஆண்கள் அணிகள் எம்ஐஏஏ என்ற தனி லீக்கில் ஆடுகின்றன. கால்வர்ட் ஹால், மெக்டொனா, பாய்ஸ் லேட்டின், கில்மன் எல்லாம் அங்கேதான். இரண்டுக்கும் தனித்தனி இறுதிப்போட்டி. ஒரு சீசனில் இந்தப் பக்கத்து அணியும் அந்தப் பக்கத்து அணியும் நேருக்கு நேர் மோதுவது குறைவு. அப்படியிருக்க, இருவரையும் ஒரே வரிசையில் எப்படி நிறுத்துகிறார்கள்? சில பட்டியல்கள் ஆட்டம் தெரிந்தவர்களின் கணிப்பு. மற்றவை கணினிக் கணக்கு. கோல் வித்தியாசம் எவ்வளவு, எதிரணி எவ்வளவு பலமானது என்று பார்த்து எண் போடும். இரு தரப்புக்கும் பொதுவான ஆட்டங்கள் நிறைய இருந்தால்தான் அந்தக் கணக்கு உறுதியாக நிற்கும். நாலைந்து ஆட்டங்களை வைத்து இரண்டு உலகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தால், அந்த நாலைந்தில் ஒன்று மாறினாலே வரிசை மாறிவிடும். ஒரே லீக்குக்குள் இருக்கும் பள்ளிகளை ஒப்பிட ரேங்க் உதவும். அரசுப் பள்ளியையும் தனியார் பள்ளியையும் ஒப்பிட அதை அவ்வளவு நம்ப வேண்டாம்.

அதற்காகத் தனியார் பள்ளிகளின் பலம் பொய் என்று சொல்லவில்லை. மெக்டொனா பெண்கள் அணி 2009 முதல் 2018 வரை தொடர்ந்து 198 ஆட்டங்களை வென்றது. அந்த லீக்குகளின் சராசரித் தரம் உயர்ந்ததுதான். காரணமும் தெரிந்ததே. அரசுப் பள்ளிக்கு அந்தந்த எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். தனியார் பள்ளி சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் ஆளெடுக்கலாம். அப்புறம் ஒன்று, பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. தனியார் பள்ளிக்கு மாறும்போது அதே வகுப்பை இன்னொரு முறை படிக்க வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது, ரீகிளாஸ் என்பார்கள். அந்தப் பையன் வகுப்புத் தோழர்களைவிட ஒரு வயது மூத்தவன். பதினைந்து, பதினாறு வயதில் ஒரு வருடம் என்றால் உடம்பின் வளர்த்தியில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். ரேங்கைப் பார்க்கும்போது இதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா இடத்திலும் தனியார்தான் மேல் என்றும் இல்லை. கனெக்டிகட்டின் டேரியன், நியூ கேனன், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டின் கார்டன் சிட்டி, மான்ஹாசெட் எல்லாம் அரசுப் பள்ளிகள். நாடு முழுக்கப் பெயர் பெற்றவை. லாங் ஐலண்டிலேயே உள்ள ஷாமினாட் கத்தோலிக்கப் பள்ளி. அது அரசுப் பள்ளிகளின் மாநிலப் போட்டியில் சேர்வதில்லை. அதனால் அங்கேயும் யார் பெரியவர் என்ற கேள்விக்கு மைதானத்தில் விடை கிடைப்பதில்லை. நியூ ஜெர்சி மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு பிரிவின் சாம்பியனையும், அரசு, தனியார் என்று பார்க்காமல், கடைசியில் ஒரே போட்டியில் மோதவிட்டது. 2022-க்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

டெவாரட்டன் விருதைக் காட்டிச் சிலர் உங்களிடம் வாதாடலாம். கல்லூரி லக்ராஸில் ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் விருது அது. ஆண்கள் பிரிவில் 2022 முதல் 2025 வரை வென்ற நால்வரும் பாய்ஸ் லேட்டின், செயின்ட் ஆந்தனிஸ், ஷாமினாட், டெல்பார்ட்டன் என்று தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். உண்மைதான். ஆனால் 2021-இல் வென்ற ஜேரட் பெர்ன்ஹார்ட் புளோரிடாவின் லேக் பிராண்ட்லி என்ற அரசுப் பள்ளி மாணவர். 2015-இல் வென்ற லைல் தாம்ப்சன் நியூயார்க் மாநிலத்தின் லஃபாயெட் அரசுப் பள்ளியில் ஆடியவர்; இந்த விளையாட்டை உலகுக்குக் கொடுத்த ஹோடனோஷோனி என்ற பூர்வகுடி மக்களில் ஒருவர். ஏற்கெனவே கெட்டிக்காரனாக இருக்கும் பையனைத்தான் தனியார் பள்ளி தேடி எடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு அவன் பெற்ற விருதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இப்போது உங்களுக்கு முக்கியமான விஷயம். பள்ளி லக்ராஸ் சீசன் வசந்த காலத்தில், மார்ச் முதல் மே வரை. கல்லூரிகளின் சீசனும் அதே மாதங்களில்தான். கல்லூரிக் கோச்சுகள் அப்போது தங்கள் அணியை விட்டு நகர முடியாது. அவர்கள் பையன்களைத் தேடி வருவது பெரும்பாலும் கோடையில் நடக்கும் கிளப் (பள்ளி சாராத குழுக்களின்) போட்டிகளுக்கு. ஆகவே அவன் எந்தக் கிளப்பில், எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதற்குப் பள்ளியின் ரேங்கைவிட மதிப்பு அதிகம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ சங்கத்தின் விதிப்படி, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்நிலை) கோச் அவனிடம் நேரடியாகப் பேசவும் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கதவும் மூடிவிடவில்லை.

நல்ல தனியார் அணியில் தினசரிப் பயிற்சியே கடினமாக இருக்கும், அந்தக் கோச்சுக்குக் கல்லூரி வட்டாரத்தில் பழக்கம் இருக்கும். இந்த இரண்டும் உண்மையான லாபம். ஆனால் அங்கே போய் இரண்டு வருடம் ஜேவியிலோ (பள்ளியின் இரண்டாம் அணி) பெஞ்சிலோ உட்கார்ந்தால் அந்த லாபம் அவனுக்கு வந்து சேராது. இப்போதைய பள்ளியில் அவன் பத்தாம் வகுப்பிலேயே வர்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில், முழு ஆட்டமும் ஆடுவான் என்றால், அதை லேசில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணத்தையும் பேசிவிடுவோம். பால்டிமோரின் முன்னணித் தனியார் பள்ளிகள் பலவற்றில் வருடக் கட்டணம் முப்பதாயிரம் டாலரைத் தாண்டும். மூன்று வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். இதை ஸ்காலர்ஷிப்பில் திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்தால், வேண்டாம். டிவிஷன் ஒன் ஆண்கள் அணிக்கு நீண்ட காலம் மொத்தமே 12.6 ஸ்காலர்ஷிப்தான், அதை நாற்பதுக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பங்கு போட்டார்கள். 2025-இல் அந்த உச்சவரம்பைப் பல கல்லூரிகளுக்கு நீக்கியிருக்கிறார்கள், அதற்காக எல்லோருக்கும் முழுப் பணம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஹார்வர்ட், கார்னெல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக் விளையாட்டுக்காக ஒரு டாலரும் தருவதில்லை. 2025 தேசியச் சாம்பியன் கார்னெல் அந்த லீக்தான். எம்ஐடி, டஃப்ட்ஸ் போன்ற டிவிஷன் த்ரீ கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. இந்தக் கல்லூரிகளிலெல்லாம் லக்ராஸ் அட்மிஷனுக்கு ஒரு கை கொடுக்கும். அதற்கும் மதிப்பெண் பலமாக இருக்க வேண்டும். டிவிஷன் ஒன்னில் ஆட என்சிஏஏ கேட்பது 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏவும் (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்). அது குறைந்தபட்சம் மட்டுமே. மேலே சொன்னது போன்ற கல்லூரிகளுக்கு அது போதாது.

என் கருத்து, ரேங்குக்காக மட்டும் மாற்றாதீர்கள். அந்தப் பள்ளியின் படிப்பு அவனுக்குப் பிடித்து, கட்டண உதவியும் கிடைத்து, அவனே போக ஆசைப்பட்டால் தாராளமாக மாற்றுங்கள். ரீகிளாஸ் செய்யச் சொன்னால், லக்ராஸுக்காக மட்டும் ஒரு வருடத்தைக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன் அந்தப் பள்ளிக் கோச்சைச் சந்தித்து, இவன் ஆடும் இடத்தில் இப்போது எத்தனை பேர், அவர்கள் எந்த வகுப்பு, இவன் எப்போது வர்சிட்டிக்கு வருவான் என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டண உதவி அலுவலகத்தில் எழுத்தில் ஒரு தொகை வாங்குங்கள். இவனுடைய கிளப் கோச்சிடம், எந்த டிவிஷனுக்கு இவன் பொருந்துவான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்று பதில்களையும் மகனின் மதிப்பெண் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். அப்புறம் மூவருமாக உட்கார்ந்து பேசுவோம், அவனும் கூட இருக்கட்டும்.