பன்னீர்த் திராட்சையும் ஒரு கிளாஸ் ஒயினும்: மதுரையிலிருந்து இரண்டு நாள், கேள்வி பதில்

சனி, ஞாயிறு கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய், திராட்சைத் தோட்டம் பார்த்து, ஊர்ச் சாப்பாட்டோடு நிதானமாக ஒயின் சுவைக்க நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில். ஒயின் பற்றியதெல்லாம் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

அண்ணே, நாசிக் மாதிரி கம்பத்துலயும் தோட்டத்துலயே உக்காந்து ஒயின் டேஸ்ட் பண்ணலாமா?

அந்த நினைப்போடு கிளம்பாதீர்கள். கம்பத்துத் தோட்டங்கள் சாப்பிடும் பழத்துக்கானவை. அங்கே பழமும் ஜூஸும் கிடைக்கும். ஒயினை மதுரையிலேயே டாஸ்மாக் எலைட் கடையில் வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். தங்கும் இடத்தில் அறையில் குடிக்க அனுமதி உண்டா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தோட்டம், ரோட்டோரம், அருவிக்கரை, காருக்குள் என்று எங்கேயும் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

எந்த வழியா போகணும் சார்? எந்த ஊர்ல இறங்கினா தோட்டம் பாக்கலாம்?

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். ஏறக்குறைய 115 கிலோமீட்டர். கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையில் சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் இரண்டு கையிலும் பந்தல்தான். காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டியிலும் உண்டு. விதையில்லாத பச்சைத் திராட்சை பார்க்க ஓடைப்பட்டி போக வேண்டும். வண்டி ஓட்ட ஆள் இல்லையென்றால் மதுரையிலிருந்து தேனிக்கு ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ வாடகைக் காரோ பிடிக்கலாம்.

பன்னீர்த் திராட்சைல அப்படி என்ன விசேஷம்? நல்ல பழம்னா அதுலயே ஏன் ஒயின் பண்ணல?

இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ரோஜா வாசனை கலந்த அந்த மணம் மஸ்கட் இனத்துக்கே உரியது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் என்றால், இங்கே கொடியை வெட்டிக் கவாத்து செய்த நாளிலிருந்து நான்கு மாதத்தில் காய் பழுத்துவிடும். ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு நாளில் கவாத்து செய்வதால் எந்த மாதம் போனாலும் எங்காவது பழம் இருக்கும்.

ஒயினுக்குத் தடை சர்க்கரைக் குறைவு. சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு பிரிக்ஸ்; நல்ல ஒயின் பழத்தில் 21 முதல் 24 பிரிக்ஸ் வேண்டும். பந்தலில் அதிகக் கொத்து விட்டு வளர்க்கும் பழத்தில் 16 முதல் 18 வரைதான் ஏறும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். அப்படிப் பார்த்தால் இந்தப் பழத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம். ஒயினின் நிறமும், வாயில் உணரும் கனமும் மெலிந்துவிடும்.

இருந்தாலும் ஒயின் பழக நினைப்பவருக்கு இந்தத் தோட்டம் நல்ல பள்ளிக்கூடம். ஒரு பழத்தை நசுக்கி முதலில் முகருங்கள். பிறகு தோலைத் தனியாக மெல்லுங்கள். நாக்கு வறண்டு இழுக்கும், அதுதான் டானின். விதையைக் கடித்தால் வரும் கசப்பும் டானின்தான், ஆனால் முரடு. சதையில் இருப்பது இனிப்பும் புளிப்பும். இந்த நான்கையும் காலையில் நாக்கில் பதித்துக்கொண்டால் சாயங்காலம் கிளாஸில் எது எது என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

பழத்து மேல வெள்ளையா இருக்கே, மருந்தா? பழுத்தது எதுன்னு எப்படித் தெரியும்?

சீராக, மெல்லிய மாவுபோல் இருப்பது பழத்தின் இயற்கை மெழுகு. திட்டுத்திட்டாக, சொட்டு காய்ந்த அடையாளமாக இருந்தால் மருந்துக் கறை. கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள் என்று தோட்டக்காரரிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பறித்த பின் திராட்சை பழுக்காது. கொத்தின் நுனிப் பழத்தைத்தான் ருசி பார்க்க வேண்டும், அதுதான் கடைசியாகப் பழுக்கும். விதை பழுப்பாகவும் காம்பு பச்சையாகவும் இருந்தால் சரியான பழம். கையால் இழுத்தால் பந்தல் கொடி முறியும், அவரே கத்தரியால் வெட்டித் தரட்டும்.

ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றாங்களே?

அந்த ரூம் ஐரோப்பாவில் இருக்கிறது; 16 முதல் 18 டிகிரி. நம் அறையில் 32. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பழ வாசனையை அமுக்கிவிடும். நம் பக்கத்தில் ஒயின் பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேர் குடித்தது சூடான ஒயினாகத்தான் இருக்கும்.

ரெட் ஒயினை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையும், இளஞ்சிவப்பு ஒயினான ரோஸேயும் மூன்று மணி நேரம், 8 முதல் 12 டிகிரிக்கு வரும். நுரை ஒயின் அதற்கும் கீழே, 6 முதல் 8. ஃபிரிட்ஜ் இல்லாத அறை என்றால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. பாட்டில் கழுத்து வரை முங்கினால் 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றாமல் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று குளிர் ஏறாது. ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் கார். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். ஆண்டிபட்டியில் சாப்பிட இறங்கும் அரை மணி நேரம்கூட அதில் விடாதீர்கள், வெந்துபோன ஒயின் ஜாம் மாதிரி ஆகிவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு, சீட்டுக்கு அடியில் வையுங்கள். டிக்கி வேண்டாம்.

நாலு பேருக்கு எத்தனை பாட்டில்? எந்த வரிசை?

மூன்று வகை, வகைக்கு ஒரு பாட்டில், இரண்டு சாயங்காலத்துக்கும் சேர்த்து. ஒரு ஊற்று 60 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 12 ஊற்று. முதலில் வெள்ளை, பிறகு ரோஸே, பிறகு ரெட், இனிப்பு ஒயின் கடைசி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். சுழற்று, முகர், ஒரு வாய் எடுத்துப் பத்து விநாடி நாக்கில் உருட்டு. இடையில் தண்ணீரும் உப்பில்லாத பொரியும். வெற்றிலை, சோம்பு அப்புறம். மேசையில் மல்லிகைப்பூ கூடாது. மதுரை மல்லி பக்கத்தில் இருந்தால் எந்த ஒயினும் மணக்காது.

அன்று யாரும் வண்டி எடுக்க வேண்டாம். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதச் சிறையோ, இரண்டுமோ வரலாம்.

அக்கா கறிதோசை, அயிரை மீன் குழம்புன்னு லிஸ்ட் வச்சிருக்காங்க. எதுக்கு எது சேரும்?

ஒரே விதி: சாப்பாட்டின் காரத்தைப் பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுங்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், டானின் அதை இன்னும் முரடாக்கும். அதனால் 14 சதவீத ரெட்டையும் காரக் குழம்பையும் ஒரே வாயில் சேர்க்காதீர்கள். லேசாக இனிப்பு நிற்கும், 11, 12 சதவீத செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின்தான் நம் சாப்பாட்டுக்கு முதல் தேர்வு.

அயிரை மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். ஒயினின் புளிப்பு குழம்பை விடக் குறைந்தால் ஒயின் தண்ணீர் போலாகும். சோவின்யோன் பிளாங்க் என்ற புளிப்பான வெள்ளை ஒயின் தாங்கும். மீனோடு ரெட் குடித்தால் வாயில் இரும்பும் கவிச்சியும் நிற்கும். ரெட்டில் உள்ள இரும்புச் சத்துதான் காரணம்.

கறிதோசைக்கும் மட்டன் சுக்காவுக்கும் ஷிராஸ் என்ற ரெட் ஒயின் எடுக்கலாம். மிளகு வாசனை அந்த ஒயினிலேயே உண்டு. கறியின் புரதமும் உப்பும் டானினை மென்மையாக்கும். சுக்காவில் வர மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொல்லுங்கள். கோலா உருண்டைக்கு நுரை ஒயின், எண்ணெயை அந்தக் குமிழி கழுவிவிடும். பரோட்டா சால்னாவுக்குக் குளிர்ந்த ரோஸே. ஜிகர்தண்டாவோடு எதுவும் வேண்டாம். ஒயினை விட இனிப்பான பண்டம் வந்தால் ஒயின் புளித்த நீர்தான்.

பாட்டில் திறந்ததும் ஒரு மாதிரி நாத்தம் வந்தா?

அழுகிய முட்டை வாசனை என்றால் கந்தகம். பத்து நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். நனைந்த சாக்கு, பூஞ்சை அட்டை வாசனை என்றால் கார்க் கெட்டது, சரியாகாது. வினிகர் அடித்தாலும் அப்படியே. வெள்ளை ஒயின் பழுப்பேறி வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி மணத்தால் காற்றோ சூடோ பட்டிருக்கிறது. நம் வெயிலுக்குத் திருகு மூடி பாட்டில் நல்லது.

பத்து கிலோ பழம் வாங்கி வீட்டுலயே ஒயின் போடலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

பிள்ளைங்களும் அம்மாவும் வர்றாங்க, அவங்களுக்கு?

ஜூஸ் போடுங்கள். ஒரு கிலோ பன்னீர்த் திராட்சையைக் கழுவி உதிர்த்து, 100 மில்லி தண்ணீரோடு அடி கனமான பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல், 60 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். தோல் நிறம் இறங்கும். கொதித்தால் பன்னீர் மணம் ஆவியோடு போய்விடும். மத்தால் லேசாக மசித்துத் துணியில் வடியுங்கள்; மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் துகள் மாதிரி படியும். பயப்பட வேண்டாம், திராட்சையின் சொந்த டார்டாரிக் உப்புதான். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். நுரைத்தால் புளிக்க ஆரம்பித்துவிட்டது, கொட்டிவிடுங்கள்.

பாதி பாட்டில் மிச்சம் இருந்தா?

ரெட்டோ வெள்ளையோ, மூடி ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், மூன்று நாள் தாங்கும். நுரை ஒயின் மறுநாளே முடிய வேண்டும். திறந்த பாட்டிலைக் காரில் ஏற்றாதீர்கள். மிச்சத்தைக் கிளம்பும் முன் அறையிலேயே கொட்டிவிடுவது நல்லது.