வெள்ளத்துக்குப் பின் பாலத்தின் அடித்தளம் உறுதியாக உள்ளதா என்று எப்படி மதிப்பிடுவது?
வெள்ளம் வடிந்தபின் தூணடியில் குழி தென்படவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாலம் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று மணலைத் தோண்டுவது பெருக்கின் உச்சத்தில்தான், நீர் வடியும்போது அதே குழியில் தளர்ந்த வண்டல் வந்து நிரம்பி அதை மறைத்துவிடும். ஆகவே, பெருவெள்ளத்தின் வேகம், நீரின் ஆழம், தூணின் வடிவம், படுகை மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு அரிப்பின் ஆழத்தைக் கணக்கிட்டு, அடித்தளம் அதற்கும் கீழே போதிய அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நீரோட்டத்துக்கு நேராக அமைந்த வட்டமுனைத் தூணில் இக்குழி பொதுவாகத் தூணின் அகலத்தைப் போல் சுமார் 2.4 மடங்கு ஆழம் வரை போகலாம். மிதந்து வரும் மரங்கள் சிக்கிக்கொண்டால் இன்னும் கூடும். 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் இவ்வகை அரிப்பால்தான் இடிந்து, 10 பேர் இறந்தனர். அதன் தூண்கள் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கப்படும் நீண்ட கம்பம்) இல்லாத, ஆழம் குறைந்த அடித்தளத்தின் மேல் நின்றிருந்தன. என்னைக் கேட்டால், அடித்தள வரைபடமே கிடைக்காத பழைய பாலத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.