பழைய லாரிக்கு டயரும் ஆக்சிலும் மாற்றலாமா? வாசகர் கேள்விகள்

லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) வைத்த 10.00-20 டியூப் டயர் ஓடுகிறது. டியூப்லெஸ்ஸுக்கு மாறினால் வண்டி உயரம் கூடுமா?

உயரம் ஏறாது. 11 ஆர் 22.5 (22.5 அங்குல ரிம்முக்கான ரேடியல் டயர்) போடுங்கள். ரிம் இரண்டரை அங்குலம் பெரிது, ஆனால் டயரின் பக்கச் சுவர் குட்டை. வெளி விட்டம் ஏறக்குறைய அதேதான். ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டியதில்லை. ரிம் அகலம் 8.25 அங்குலம் இருக்கட்டும்.

தலைவலி ஸ்டட்டில்தான் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பில் நீட்டியிருக்கும் போல்ட்) வரும். பத்துத் துளை ரிம்மிலேயே துளை வட்டம் 285.75 மி.மீ. உண்டு, 335 மி.மீ.யும் உண்டு. எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் டேப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் நட் உட்காரும் இடம். துளை விளிம்பு கிண்ணம்போல் குழிந்திருந்தால் ரிம்மை மையத்தில் நிறுத்துவது நட். தட்டையாக இருந்தால் ஹப். குழி ரிம்முக்கான ஹப்பில் தட்டை ரிம்மை மாட்டினால் சுமை முழுக்க ஸ்டட்டில் விழும், ஒருநாள் ஒடியும். ஹப்பையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. எதை மாட்டினாலும் முதல் 80–160 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

லாக் ரிங் இருக்கும்வரை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடியுங்கள். ரிங் தெறித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

80 கி.மீ. வேகத்திலேயே இன்ஜின் அலறுகிறது. பெரிய டயர் போட்டால் போதுமா?

போதாது. 22.5 அங்குல ரிம்மிலிருந்து 24.5-க்குப் போனாலும் கிடைப்பது ஐந்து சதவீதம்தான். பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனைப் பாருங்கள். 11 ஆர் 22.5 டயர் கிலோமீட்டருக்குச் சுமார் 311 சுற்று சுற்றும், 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 415. டாப் கியர் நேரடி (இன்ஜினும், கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகம்) என்றால் 6.14 ரேஷியோவில் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 6.14 சுற்று) இன்ஜின் 2,550 சுற்றில் கத்தும். 4.88-இல் 2,025, 4.11-இல் 1,705.

உடனே 4.11 வாங்கிவிடாதீர்கள். இழுவை மூன்றில் ஒரு பங்கு போய்விடும். லோடோடு மேட்டில் எடுக்கும்போது கிளட்ச் கருகும். பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டால் என் ஓட்டு 4.88 பக்கம்தான்.

இப்போதைய ரேஷியோ தெரியாவிட்டால் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றி, புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஆறுக்குக் கொஞ்சம் மேலே என்றால் 6.14. பல் எண்ணிக்கை பொறித்திருந்தால் இன்னும் சுலபம்: 43-ஐ 7-ஆல் வகுத்தால் அதே 6.14.

வேறு வண்டியின் ஆக்சில் ஹவுசிங் கிடைத்திருக்கிறது. அப்படியே மாட்டலாமா?

ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களின் இடைவெளி, பிரேக் டிரம் அளவு, பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் டப்பா), ஸ்லாக் அட்ஜஸ்டர் (அந்தத் தள்ளலைப் பிரேக்குக்குக் கடத்தும் கை) நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பினியன் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கு இணையாக இல்லாவிட்டால் ஜாயிண்ட் அதிரும். ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடவே வேண்டாம்.

ஆக்சில் பெரிதானால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

கூடாது. சேசிஸ், பட்டை, பிரேக், ரிம், டயர் இவற்றில் எது பலவீனமோ அதுதான் எல்லை.

ஜோடி டயரில் ஒன்று புதிது, ஒன்று பழையது. பரவாயில்லையா?

விட்ட வித்தியாசம் 6 மி.மீ.க்குள் இருந்தால் சரி. மீறினால் பெரியது சூடேறி வெடிக்கும், சின்னது தரையில் உரசித் தேயும். ஒரே அளவில் தேய்ந்த இரண்டைத் தேடி ஜோடி சேருங்கள்.