டோர்னேடோ கோட்பாட்டை வெளியிடப் பணம் கட்டலாமா?

கேள்வி: மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்கச் சமவெளிகளில் மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் டோர்னேடோ எனும் சூறைக்காற்றுகளுக்கு, மேகத்திலுள்ள மின்சாரமே காரணம் என்று ஒரு கட்டுரை எழுதியுள்ளேன். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாக ஒரு ‘சர்வதேச’ ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. முதலில் காப்புரிமை வாங்குங்கள் என்கிறார் ஒரு முகவர். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

உங்கள் கருத்தை முன்பே அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் ஹேர் மின்சாரத்தையே காரணம் காட்டினார். மழை பெய்விக்க மேகத்தில் வெள்ளி அயோடைடு தூவும் வழியைக் கண்டறிந்த பெர்னார்ட் வானகட், மின்னல் தரும் வெப்பம் சுழலை இயக்கக்கூடும் என்று 1960-இல் எழுதினார். ஆனால் மின்னலே இல்லாத மேகங்களின் கீழும் கடல்மேல் நீர்த்தாரைகள் எனும் காற்றுச்சுழல்கள் தோன்றுகின்றன. ஓயாமல் மின்னும் இடிமேகங்களில் பெரும்பாலானவை டோர்னேடோவை உருவாக்குவதில்லை. உயரத்திற்கேற்பக் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால் பிறக்கும் கிடைமட்டச் சுழற்சியை, மேலெழும் காற்று நிமிர்த்துகிறது என்பதே இன்றைய விளக்கத்தின் அடிப்படை. அச்சுழற்சி தரையருகே எப்படி இறுகுகிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளியவில்லை என்பது உண்மைதான். அதனால் அந்த இடத்தில் எதையும் பொருத்திவிடலாம் என்று ஆகிவிடாது.

எனவே, எந்த அளவீடு வந்தால் உங்கள் கருத்து தவறாகும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் கட்டுரை இன்னும் முடியவில்லை என்று பொருள். 1950 முதலான டோர்னேடோ பதிவுகளை அமெரிக்க அரசு இலவசமாகவே தருகிறது, அவற்றோடு ஒப்பிடுங்கள். பட்டம் இல்லாத பொறியாளரான டிம் சமராஸ், 2003-இல் தெற்கு டகோட்டாவில் டோர்னேடோவின் பாதையில் கருவியை வைத்து, காற்றழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தார். அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் நேர்மையான மதிப்பாய்வு நடப்பது அரிது. அழையாமல் வரும் அழைப்பு, கட்டுரையைப் படிக்குமுன் கேட்கப்படும் கட்டணம், எல்லாத் துறைகளையும் ஏற்கும் இதழ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது கடைதான். ஒரு விலக்கு உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள்: யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்தநிலை இதழ்கள் சிலவும் கட்டணம் பெறுகின்றன. ஆனால் அவை தொகையை முன்கூட்டியே தளத்தில் அறிவித்து, துறை அறிஞர்கள் கட்டுரையை ஏற்றபின்னரே கேட்கின்றன. வசதியற்றவர்களுக்குத் தள்ளுபடி தருவனவும் உண்டு. தள்ளுபடி கேட்டதும் உங்களுக்கு மட்டும் பாதி விலை என்று பேரம் பேசினால் விலகிவிடுங்கள். கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தந்த பல்கலைக்கழகங்களும், காரணம் சொல்லாமல் இரண்டு வரியில் திருப்பியனுப்பும் பெரிய இதழ்களும்தான் இந்த வணிகத்திற்கு உரமிட்டன. அதற்கு விலை கொடுப்பவர் உங்களைப் போன்றவர்.

காப்புரிமைக்கோ வழியே இல்லை. அறிவியல் கொள்கைக்கும் கருத்தளவிலான கோட்பாட்டிற்கும் 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு காப்புரிமையை மறுக்கிறது. இது தெரிந்தே முகவர் பணம் கேட்கிறார். முந்திச் சொன்னதற்குத் தேதியிட்ட சான்று போதுமென்றால், செர்ன் எனும் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜெனோடோ தளத்தில் கட்டுரையை இலவசமாகப் பதிவேற்றலாம்.