கீரை சாப்பிட்டும் இரத்தசோகை ஏன்?

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூரில் வசிக்கிறோம். நானும் என் கணவரும் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளுக்குப் பள்ளியில் இரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் 10.2 என்று எழுதிக் கொடுத்தார்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் அவள் நன்றாகவே சாப்பிடுகிறாள். ஆனாலும் மேடேறினால் மூச்சு வாங்குகிறது; பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருக்கிறாள். பள்ளியில் தரும் நீல மாத்திரை குமட்டுகிறது என்று துப்பிவிடுகிறாள். இந்தக் குறை எங்கிருந்து வந்தது, டாக்டர்?
– ஒரு தாய், நாகலூர்

பதில்: உங்கள் மகளின் வயதில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை, 8 முதல் 10.9 வரை நடுத்தர நிலை. ஆகவே 10.2 என்பது பதறிப்போக வேண்டிய அளவும் அல்ல, கீரையை இன்னும் ஒரு கரண்டி கூட்டிச் சரிசெய்துவிடக்கூடிய அளவும் அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே உங்கள் வளர்ப்பைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

உடல் வேகமாக வளர்கிற, மாதவிடாயும் தொடங்கிவிட்ட 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கீரையிலும் கேழ்வரகிலும் இரும்பு உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறு பங்கையும் காபியும் தேநீரும் தடுத்துவிடும். காலைச் சாப்பாட்டோடு உங்கள் மகள் காபி குடிக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. தோட்டத்து வீடு என்பதால் குடிப்பாள் என்றே எடுத்துக்கொள்கிறேன். காபியை விட்டுவிடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். சாப்பாட்டோடு உங்கள் மலையிலேயே விளைகிற ஆரஞ்சோ கொய்யாவோ இருந்தால், அதிலுள்ள வைட்டமின் சி அதே கீரையின் இரும்பைக் கூடுதலாக உடலில் சேர்க்கும். முடிந்த நாளில் ஈரலோ மீனோ கொடுங்கள்.

வரவைச் சொன்னேன், செலவையும் பார்க்க வேண்டும். நிழலும் ஈரமும் உள்ள தோட்ட மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகளின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழுவின் இளம்புழு உள்ளே நுழைகிறது. பின்னர் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரையை அவள் உண்மையிலேயே விழுங்கினாளா என்று கேளுங்கள். நீல மாத்திரையைத் துப்புகிறவள் இதையும் துப்பியிருக்கக்கூடும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் அணையாடை நனைந்துவிடுகிறதா என்பதையும் நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். பெண்பிள்ளைகள் இதைத் தாமாக மருத்துவரிடம் சொல்வது அரிது. பச்சரிசி மெல்லுவதைக் கெட்ட பழக்கம் என்று திட்டாதீர்கள். அரிசி, பலப்பம், மண் ஆகியவற்றின் மீது வரும் ஆசை பெரும்பாலும் இரும்புக் குறைவின் அடையாளம்தான்; இரும்பு ஏற ஏற அது தானாகவே விலகும்.

அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வாரம் ஒன்று என்பது இரத்தசோகை வராமல் காக்கும் அளவு. வந்துவிட்டவளுக்கு அது போதாது. நாள்தோறும் இரண்டு மாத்திரை வீதம் மூன்று மாதம் என்பது அரசின் சிகிச்சை முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தொடங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். பாலோடு சேர்க்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் அஞ்ச வேண்டாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லையென்றால், மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள்; போயும் ஏறவில்லை என்றால் தலசீமியா போன்ற பரம்பரைக் குறைபாடு உள்ளதா என்று மருத்துவமனையில் சோதிக்க வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் மாணவியர் விடுதி ஒன்றின் காப்பாளராக இருக்கிறேன். இங்கேயே பரிசோதித்ததில் 16 வயது மாணவி ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 12.4 வந்தது. இயல்புதான் என்று விட்டுவிடலாமா?
– விடுதிக் காப்பாளர், ஏற்காடு

பதில்: சேலம் நகரத்தில் என்றால் விட்டுவிடலாம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூட மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால், அங்கேயே வாழ்கிறவர்களின் உடல் ஹீமோகுளோபினைச் சற்றுக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலின்படி, 1,000 முதல் 1,499 மீட்டர் வரை வசிப்பவர்களுக்கு 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீட்டர் வரை வசிப்பவர்களுக்கு 1.1 கிராமும் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். எப்படிக் கழித்தாலும் அந்த மாணவியின் அளவு 12-க்குக் கீழே வந்துவிடுகிறது. அது லேசான இரத்தசோகை. அவளையும் சிகிச்சைப் பட்டியலில் சேருங்கள்.